சண்டை ஓயாத ஊரில் மனவடுவுக்கு உதவுவது எப்படி

2006 ஆகஸ்டில் சண்டையால், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆசிரியை, அரைநாள் உளவளத்துணையாளர். ஊரடங்குக்கு முன்னர் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் சந்திப்புகளைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுவேன். அந்த நாட்களில் படித்ததை, இன்றும் குண்டு விழும் ஊர்களில் இந்த வேலைக்கு இறங்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் விதி: “எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று யாருக்கும் சொல்லாதீர்கள். சிகிச்சை நூல்கள் பலவும் ஆபத்து கடந்துபோனவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் முன்னால் இருப்பவரோ இன்றிரவும் அதே வீட்டில்தான் படுக்கப் போகிறார். உங்களால் காக்க முடிந்த வாக்கை மட்டும் கொடுங்கள். “இந்த அறையில், இந்த ஒரு மணி நேரம், யாரும் உங்களைக் குறுக்கிட மாட்டார்கள்” என்பேன். அதற்காகவே வாசலில் ஒருவரை இருத்துவேன்.

அடுத்தது, பயத்தைத் தரம் பிரிப்பது. என்னிடம் வந்த ஓர் அம்மாவின் தம்பியை இரவில் வெள்ளை வான் வண்டியில் கடத்திக் கொண்டுபோயிருந்தார்கள். அன்று முதலில் கேட்டது நாய்களின் குரைப்பு. அதன் பிறகு எந்த நாய் குரைத்தாலும் இரண்டு மகன்களையும் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவார், பகலிலும்தான். இரவுக் குரைப்புக்கு எழும் பயத்தில் நான் கை வைக்கவில்லை. அது அவரைக் காக்கிற பயம். அதற்குத் திட்டம்தான் போட்டோம்: யாரை முதலில் எழுப்புவது, அடையாள அட்டைகள் எங்கே, பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படிக் குரல் கொடுப்பது. பகல் குரைப்புக்குத்தான் சிகிச்சை. அவருடைய வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தோம். நாய் குரைக்கும்போது பாதங்களைச் சீமெந்துத் தரையில் அழுத்தி வைத்து, மூச்சை மெல்ல வெளியே விட்டு, படலையை, அதாவது வெளிவாசல் கதவை, பார்க்கச் சொன்னேன். மூன்றாவது வாரம், கை நடுங்கியபடியே அவர் சொன்னார்: “ரீச்சர், இது மீன்காரருக்குக் குரைக்கிறது.” அன்று அவர் ஓடவில்லை.

நடந்ததைச் சொல்லவைக்கும் சிகிச்சையை, முறையாகப் பயின்று, மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். எடுத்துரைப்புச் சிகிச்சை என்னும் அந்த முறையில் ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, பிறப்பிலிருந்து இன்றுவரை, நல்லதற்குப் பூவும் கெட்டதற்குக் கல்லும் வைக்கச் சொல்வோம். கயிற்றின் மீதியைச் சுருட்டி வைப்போம். அது இனி வரப்போகும் காலம். பிறகு ஒவ்வொரு கல்லாக, என்ன கண்டார், என்ன மணந்தது, உடம்பில் எங்கே வலித்தது என்று ஒழுங்காகச் சொல்லவைப்போம். நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது ஒருபோதும் நிறுத்தாதீர்கள். அது தணியும்வரை கூடவே இருங்கள். ஷெல் சத்தம் கேட்கிற நாளில், ஊரடங்குக்கு அரைமணி நேரமே இருக்கிற நாளில், கல்லைத் தொடவே வேண்டாம்.

அவர் சொன்னதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவது வழக்கம். ஆனால் அந்தத் தாள் சோதனைச் சாவடியில் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆட்பெயர், ஊர்ப்பெயர், இயக்கத்தின் பெயர், படையின் பெயர் எதையும் எழுதாதீர்கள். தாளை அவரிடம் கொடுப்பதா, கிழிப்பதா என்று அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

பயிற்சி கிடைக்கவில்லையே என்று மனம் தளர வேண்டாம். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் இந்த எடுத்துரைப்பு முறையையும் தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் ஆறு ஆறு அமர்வுகளாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் பாட்டி சொல்லித் தந்த நாமசெபத்தையும் மாதா கோயில் செபமாலையையும் எடுப்பதில் கூச்சம் வேண்டாம் என்கிற தைரியத்தை அது எனக்குத் தந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இப்படிப்பட்ட நம் முறைகளைச் சிகிச்சையில் சேர்த்தவர்தான்.

காணாமல் போனவரின் தாயிடமோ மனைவியிடமோ “ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லாதீர்கள். உடலைக் காணாத ஒருவருக்கு அந்தியேட்டி என்னும் இறப்புச் சடங்கைச் செய்யச் சொல்ல நமக்கு உரிமையில்லை. மனைவி பொட்டு வைத்தால் வைக்கட்டும். தாய் மகனுக்கு ஒரு தட்டு சோறு எடுத்து வைத்தால் வைக்கட்டும். அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, மற்றப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். அதே நிலையில் உள்ள தாய்மார் நாலு பேரை ஒரு திண்ணையில் சேர்த்துவிடுவது, என் அனுபவத்தில், தனி அமர்வை விடக் கூடுதல் பலன் தந்தது.

சாக நினைக்கிறவரையும், நாட்கணக்காகத் தூங்காதவரையும், இல்லாத குரல் கேட்கிறவரையும் நீங்களே வைத்துப் பார்க்க முயலாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதிர்ச்சி நடந்த உடனேயே தூக்க மாத்திரையைக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை உலக சுகாதார அமைப்பு 2013இலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்தில் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுகிறவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களையும் கவனியுங்கள். நாங்கள் நான்கு பேர் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடி, கேட்ட கதைகளின் பாரத்தைப் பெயர் சொல்லாமல் இறக்கி வைப்போம். நானும் பகல் நாய்க்குத் திடுக்கிடத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். எனக்குரிய மூன்று பேரை இரண்டு மாதம் தாங்கள் பொறுப்பெடுத்தார்கள். அப்படிப் பொறுப்பெடுக்க ஒருவரை, முதல் ஆளைச் சந்திக்கும் முன்னரே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.