ஆறு ஆதாரங்களில் மனத்தை நிறுத்தும் தியானம்: புதியவர்களுக்கான செய்முறை

யோகப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தியானத்தில் மனத்தை நிறுத்தும் உடலிடங்களான சக்கரங்களில், அதாவது ஆதாரங்களில், தமக்கு எது அடைபட்டிருக்கிறது, அதைத் திறப்பது எப்படி என்பதுதான். அந்தக் கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தேடிப் பிடித்து அதிலேயே மனத்தைக் குவிப்பதால் சமநிலை வருவதில்லை. எல்லா இடங்களுக்கும் ஒரே அளவு மூச்சும் ஒரே அளவு கவனமும் கொடுத்து, மேலே ஏறிய வழியிலேயே கீழே இறங்கி முடிப்பதால்தான் வருகிறது.

கஞ்சமலைச் சித்தர்கோவிலுக்கு அமாவாசைதோறும் போய்வரும் சேலத்துக் குடும்பங்களுக்கு ஆறு ஆதாரம் என்ற பேச்சு புதியதன்று. மூலாதாரம், சுவாதிஷ்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை ஆகிய ஆறும், அவற்றுக்கு மேல் உச்சந்தலையில் சகஸ்ராரமும் என்பது வழக்கமான வரிசை. இவை ஸ்கேனில் தெரியும் உறுப்புகள் அல்ல. தியானத்தில் மனத்தை நிறுத்துவதற்கென்று வகுக்கப்பட்ட இடங்கள். ஆகவே நாள்பட்ட வயிற்றுவலியை மணிபூரகத்தின் கோளாறு என்று எண்ணிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் சொல்லும் யோகத்தின் எட்டு உறுப்புகளில், மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் தாரணை ஆறாவதாகத்தான் வருகிறது. இருக்கையாகிய ஆதனமும் மூச்சுப் பயிற்சியாகிய பிராணாயாமமும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. நம் செய்முறையும் அதே வரிசையில் போகிறது.

முதற்படி: இருக்கை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தரவேண்டும். ஒரு ஜமக்காளத்தை நான்காக மடித்து, அதன் விளிம்பில் இடுப்பு மட்டும் படும்படி உட்கார்ந்து, கால்களை முன்னால் மடக்கிக்கொள்ளுங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அவை தூக்கிக்கொண்டு நின்றால் கீழ்முதுகு வளைந்துவிடும் என்பதால், இன்னொரு மடிப்பைச் சேர்த்து இடுப்பை உயர்த்துங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ நாள் முழுவதும் குனிந்து வேலை செய்பவர்களுக்குக் கழுத்து முன்னால் தள்ளியே பழகியிருக்கும். அவர்கள் முகத்தை நிமிர்த்த முயலாமல், மோவாயை ஒரு விரல் அகலம் உள்ளிழுத்து, பிடரி மேல்நோக்கி நீளுவதை மட்டும் கவனித்தால் போதும். தோள்கள் தாமாகவே இறங்கும். தரையில் அமர முடியாதவர்கள் நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல், இரு பாதங்களும் தரையில் பதியும்படி உட்காரலாம். பலனில் குறைவு ஒன்றும் இல்லை.

சேலத்தில் கோடைக்காலம் என்றால் வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடியிலேயே அமர்ந்துவிடுவது நல்லது. ஏற்காட்டில் மார்கழிப் பனியில் திறந்தவெளியில் உட்கார்ந்தால் உடல் குளிரில் இறுகி மூச்சு மேலோட்டமாகிவிடும். அறைக்குள் கம்பளி விரித்து அமருங்கள். ஊர் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து இறங்கியதும் தலைசுற்றல் இருப்பவர்கள் அது அடங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: மூச்சு

வலது கைப் பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசி வழியாக மெல்ல இழுங்கள். பிறகு மோதிர விரலால் இடது நாசியை மூடி, வலது வழியாக விடுங்கள். வலது வழியாகவே இழுத்து, இடது வழியாக விட்டால் ஒரு சுற்று முடிந்தது. இவ்வாறு ஆறு சுற்றுகள் செய்யுங்கள். இழுப்பதற்கு நான்கு எண்ணிக்கை, விடுவதற்கு ஆறு எண்ணிக்கை போதுமானவை. இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை என்று பழைய நூல்கள் சொல்லும் கணக்கைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம், ஏனெனில் அதிலுள்ள நீண்ட கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, ஆசிரியரின் நேரடிப் பார்வையில் பழக வேண்டியது. இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது; பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மூன்றாம் படி: ஏறுதலும் இறங்குதலும்

கையை மடியில் வைத்து, இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். மூலாதாரம் முதல் ஆக்ஞை வரையிலான ஆறுக்கும் உரிய முதுகுத்தண்டின் அடிநுனி, அடிவயிறு, தொப்புள், மார்பின் நடு, தொண்டை, புருவ நடு என்ற வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் மூன்று மூச்சுகள் தங்குங்கள். இடம் பிடிபடவில்லையென்றால் விரல் நுனியால் ஒருமுறை தொட்டுவிட்டு, தொட்ட உணர்வு மறைவதற்குள் கவனத்தை அங்கே கொண்டுபோகலாம். தொப்புள், மார்பு, தொண்டை ஆகியவற்றில் தோலின் மேற்பரப்பில் நிற்காமல், அதற்கு நேர் பின்னால் முதுகுத்தண்டு வரை உள்ளே செல்லுங்கள். விரும்பினால் மூச்சை விடும்போது லம், வம், ரம், யம், ஹம், ஓம் என்ற பீஜ (விதை) ஒலிகளை முறையே மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். உச்சந்தலையில் மூன்று மூச்சுகள் இருந்துவிட்டு, அதே அளவில் ஒவ்வோர் இடமாக மூலாதாரம் வரை இறங்குங்கள். மூச்சு ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தால், 39 மூச்சுகளும் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வானவில் வரிசையில் வண்ணங்களைக் கற்பனை செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த வரிசை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. 1577-இல் வங்காளத்துப் பூர்ணானந்தர் எழுதிய சமஸ்கிருத நூலில் மூலாதாரத்தின் நில மண்டலம் மஞ்சள் நிறச் சதுரம், சுவாதிஷ்டானத்தின் நீர் மண்டலம் வெண்பிறை, மணிபூரகத்தின் தீ மண்டலம் சிவந்த முக்கோணம். புதியவர்களுக்கு வண்ணமே வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. படத்தை வரைவதில் மனம் ஈடுபட்டுவிட்டால் இடத்தை உணர்வது நின்றுபோகிறது.

சமநிலை குலைந்தால்

புருவ நடுவில் அதிக நேரம் தங்கிவிடுவதுதான் புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு. அங்கே ஏதோ தெரிகிறது என்ற ஆர்வத்தில் கண்களைச் சுருக்கி மேல்நோக்கித் திருப்புவார்கள். நெற்றி இறுகித் தலைவலி வரும், இரவில் தூக்கம் பிடிக்காது. அப்படி ஆனால் சில நாட்களுக்கு மார்பு வரை மட்டும் ஏறி, இறங்கும் பகுதியில் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள். மாறாக, உட்கார்ந்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றினால், அடிநுனியில் நீண்ட நேரம் நிற்காமல் கண்களைப் பாதி திறந்து வைத்துப் பயிலுங்கள். பதற்றமோ அச்சமோ மிகுந்தாலும், காரணமின்றி அழுகை பெருகினாலும், பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிட்டு எழுந்து நடப்பதே சரி; அது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முடித்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களின் மேல் வைத்து, கீழே நோக்கியபடி கண்களைத் திறந்து, சிறிது தண்ணீர் குடியுங்கள். பயிற்சி முடிந்த கையோடு மலையிலிருந்து இருசக்கர வண்டியில் இறங்க வேண்டியிருந்தால், கால் மணி நேரமாவது நடமாடிவிட்டு, கவனம் முழுவதும் வெளியே திரும்பிய பிறகு வண்டியை எடுங்கள்.