கரையில் இறங்கி ஊர் சுற்றிவிட்டுக் கப்பலைத் தவறவிடாமல் திரும்புவது எப்படி?

என் போனில் மணி 3:25. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம் 4:30. துறைமுகச் சுவரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்ற நிம்மதி. அப்போது எங்கள் கப்பலின் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பெரியவர் மூச்சிரைக்க விறுவிறுவென்று போனார். நிற்காமலே என்னைப் பார்த்துத் தன் இடது மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பழைய முள் கடிகாரம். சின்ன முள் நான்கைத் தாண்டியிருந்தது, பெரிய முள் ஐந்தில் நின்றது. 4:25.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கப்பலில் ஏறும் இரண்டு பாலங்களில் ஒன்றை ஏற்கெனவே உள்ளே இழுத்துவிட்டார்கள். மேலே பால்கனிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

போன் பழுதாகவில்லை. அது கரையின் நேரத்தைக் காட்டியது, கப்பல் வேறொரு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். சுற்றுலாக் கப்பலில் முதல்முறை போகிறவர்கள் இதில் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. டிக்கெட் எடுப்பது, பெட்டி கட்டுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. காலையில் கரையில் இறங்குவதிலிருந்து மாலையில் மறுபடி ஏறுவது வரை மட்டும்.

படி 1: முந்தின இரவே தினசரித் தாளைப் படியுங்கள்

ஒவ்வொரு இரவும் மறுநாள் நிகழ்ச்சிகள் அடங்கிய தாள் கேபினுக்கு வரும், அல்லது கப்பலின் ஆப்பில் ஏறும். எல்லோரும் அதில் இரவு நிகழ்ச்சி என்ன என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, 'ஆல் அபோர்ட்' நேரம், அதாவது எல்லோரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம். கப்பல் கிளம்பும் நேரமும் இதுவும் ஒன்றல்ல. பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பாக இருக்கும், சில இடங்களில் ஒரு மணி நேரம் முன்பாகவும் இருக்கும். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு 5 மணிக்கு வந்தால் அதன் முதுகைத்தான் பார்க்கலாம்.

இரண்டு, கப்பல் துறைமுகத்தில் கட்டப்படுமா, கடலில் நங்கூரம் போட்டு நிற்குமா என்பது. நங்கூரம் என்றால் சின்னப் படகில்தான் கரைக்குப் போகவேண்டும். இதை 'டெண்டர்' என்பார்கள். அப்படியானால் உங்களுக்கு முக்கியமான நேரம் கடைசி டெண்டர் கிளம்பும் நேரம்தான்.

மூன்று, நாளைக்குக் கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றா என்பது. பெரும்பாலும் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நான்கு, துறைமுக முகவரின் தொலைபேசி எண். இது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

தாளைப் போட்டோ எடுத்தால் போதுமே என்று தோன்றும். போன் சார்ஜ் தீர்ந்தால் போட்டோவும் போச்சு. நான் தாளையே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஆப் மட்டும் உள்ள கப்பல் என்றால் இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: கடிகாரம்

இதில்தான் நான் விழுந்தேன், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கப்பலுக்குக் 'கப்பல் நேரம்' என்று ஒன்று உண்டு. சில கப்பல்கள் ஒவ்வொரு ஊருக்கும் ஏற்பத் தங்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும். இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனால் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளவேண்டும், இரவே அறிவித்துவிடுவார்கள். வேறு சில, புறப்பட்ட ஊரின் நேரத்தையே பயணம் முழுக்க வைத்துக்கொள்ளும். எந்த வகையாக இருந்தாலும் உங்களுக்குக் கப்பல் நேரம் மட்டும்தான் கணக்கு.

போனுக்கு இது புரியாது. கரையின் செல்போன் கோபுரம் என்ன நேரம் சொல்கிறதோ அதைக் காட்டும். கோபுரம் நீங்கள் நிற்கும் நாட்டுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. கிரேக்கத்தின் கோஸ் தீவு துருக்கிக் கரைக்கு மிக அருகில் இருக்கிறது. பல நாடுகளில் கோடையில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அதுதான் கோடை நேரம். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுக்கக் கோடை நேரத்திலேயே இருக்கிறது. அதனால் குளிர்கால மாதங்களில் இரண்டு கரைகளுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். தீவில் நின்றபடி துருக்கி சிக்னலைப் பிடித்தால் போன் ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிடும்.

இந்தத் தவறு உங்களை முன்னதாகக் கொண்டுவந்து சேர்க்கும், நஷ்டமில்லை. ஆபத்து எதிர்ப்பக்கம்தான்: போன் கப்பலைவிடப் பின்தங்கியிருப்பது. மெக்சிகோவின் கோசுமெல் தீவு இதற்கு நல்ல உதாரணம். அது இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015இல் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது. அங்கே கோடை நேரம் என்று கடிகாரத்தை நகர்த்துவதும் இல்லை. ஆகவே குளிர்காலத்தில் மியாமியிலும் அங்கும் ஒரே நேரம். கோடையில் தீவு ஒரு மணி நேரம் பின்னால். மியாமி நேரத்திலேயே ஓடும் கப்பலில் ஜனவரியில் போய்வந்தவர், 'எனக்குத்தான் தெரியுமே' என்று ஜூலையில் போனால் அவ்வளவுதான்.

சரி, செய்ய வேண்டியது இதுதான்:

போனின் செட்டிங்ஸில் தேதி, நேரம் என்ற பகுதிக்குப் போய், தானாக நேரத்தை அமைக்கும் வசதியை அணையுங்கள். சில போன்களில் நேரத்துக்கு ஒன்று, நேர மண்டலத்துக்கு ஒன்று என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அணைக்க வேண்டியது நேர மண்டலத்துக்கு உரியது. பிறகு கப்பல் நேரத்துக்குப் பொருந்தும் ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மணியைக் கையால் மாற்றாதீர்கள். மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள். நான் இரண்டாவது பயணத்தில் புத்திசாலித்தனமாக மணியையே ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். அன்று மதியம் சில தளங்களில் நுழைய, போனில் ஓர் ஆப் உருவாக்கித் தரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டால் ஏற்கவே இல்லை. இணையம் மோசம் என்று கப்பல் வைஃபையைத் திட்டித் தீர்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. அந்தக் குறியீடு போனின் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, நேரம் தவறாக இருந்தால் குறியீடும் தவறாகிவிடும். மண்டலத்தை மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

மாற்றியதும் கேபின் தொலைபேசியிலோ டிவியிலோ காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் உள்ள கடிகாரம் இன்னும் நம்பகமானது.

என் சொந்தக் கருத்து: இதையெல்லாம் செய்துவிட்டு, மலிவான ஒரு முள் கடிகாரத்தையும் கட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கோபுரமும் அதனிடம் பேச முடியாது. அந்தப் பெரியவரைப் பார்த்த அன்றிலிருந்து நான் அது இல்லாமல் கரையில் இறங்குவதில்லை.

*பின்சேர்க்கை:* 'ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே' என்று ஒருவர் கேட்டிருந்தார். அது போனோடு இணைந்திருந்தால் போன் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும். இரண்டு கடிகாரம் பார்த்ததாக நினைத்துக்கொண்டு ஒரே கடிகாரத்தை இரண்டு முறை பார்த்திருப்பீர்கள்.

*இன்னொன்று:* ஏர்பிளேன் மோடில் போட்டால் போதாதா என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். போதாது. துறைமுக வைஃபையில் இணைந்ததும், இருக்குமிடத்தை வைத்து மண்டலத்தை மாற்றிக்கொள்ளும் போன்கள் இருக்கின்றன. ஏர்பிளேன் மோட் வேறொரு காரணத்துக்காக வேண்டும்: நடுக்கடலில் கப்பலின் சொந்த செல்போன் வலையமைப்பு செயற்கைக்கோள் வழியாக இயங்கும், சாதாரண ரோமிங் பேக்குகளில் பலவற்றில் அது அடங்காது. கரையை விட்டதும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பில் வரும்போது தலைசுற்றும்.

படி 3: கையில் என்ன இருக்கவேண்டும்

கேபின் அட்டை. அது இல்லாமல் திரும்ப ஏற முடியாது. போட்டோ உள்ள ஓர் அடையாள அட்டை. அந்த ஊர்ப் பணம் கொஞ்சம், வங்கி அட்டை ஒன்று. தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் இரண்டு நாளைக்கு.

பாஸ்போர்ட் விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சில கப்பல்களில் அதை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சில நாடுகளில் கையில் இருந்தே ஆகவேண்டும். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாவிட்டால் நான் கேபின் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போகிறேன். பெட்டகத்தில்தான் வைக்கவேண்டும், பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவில் அல்ல. இதற்கும் காரணம் கடைசியில்.

படி 4: இறங்குவது

அவசரப்படாதீர்கள். கதவு திறந்த முதல் அரை மணி நேரம் கூட்டம் நெரியும், அப்புறம் காலியாகிவிடும். டெண்டர் என்றால் எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் பணம் கட்டியவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

கப்பலை விட்டு இறங்கியதும் திரும்பி நின்று ஒரு போட்டோ எடுங்கள். கப்பல், அது நிற்கும் மேடையின் எண், வாயிலின் பெயர்ப் பலகை மூன்றும் தெரியவேண்டும். பெரிய துறைமுகத்தில் ஒரே நாளில் நான்கைந்து கப்பல் நிற்கும். திரும்பும்போது டாக்சி ஓட்டுநரிடம் 'கப்பலுக்குப் போகணும்' என்றால் எந்தக் கப்பல், எந்த வாயில் என்று கேட்பார். பேச வேண்டியதே இல்லை, போட்டோவைக் காட்டினால் போதும்.

படி 5: தூரக் கணக்கு

பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிதாவேக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லே ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்று போட்டிருப்பார்கள், நிற்பது வார்னமுண்டே. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். விளம்பரத்தில் எழுதியிருக்கும் ஊரை விட்டுவிட்டு, துறைமுகத்தின் பெயரை வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

இவ்வளவு தூரம் போகும் நாளில் மட்டும் நான் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே எடுக்கிறேன். விலை அதிகம்தான், கூட்டத்தோடு கூட்டமாக நடக்கவேண்டும்தான். ஆனால் அவர்களுடைய பேருந்து நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போய் மாட்டினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். துறைமுகத்தை விட்டு வழிநடத்தும் பைலட்டுக்கு நேரம் குறித்திருக்கும், கட்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் உண்டு, அடுத்த துறைமுகத்தில் இடமும் நேரப்படிதான் கிடைக்கும்.

பக்கத்து ஊர் என்றால் தாராளமாகத் தனியாகப் போங்கள். தொலைவில் உள்ளதைக் காலையில் முதலில் முடித்துவிடுங்கள். பிற்பகலில் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சுற்றுங்கள். நான் ஆல் அபோர்ட் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகத் துறைமுக வாயிலில் இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறேன். என் தம்பி இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்பான். அவன் இன்னும் ஓடிப் பார்த்ததில்லை.

படி 6: திரும்ப ஏறுவது

வாயிலில் ஒரு வரிசை, பைகளை ஸ்கேன் செய்ய ஒரு வரிசை, அட்டையைக் காட்ட ஒரு வரிசை. கடைசி ஒரு மணி நேரத்தில் மூன்றும் நீளும். கரையில் வாங்கிய மது பாட்டில்களைப் பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் முடிவில்தான் தருவார்கள். அலங்காரக் கத்தி வாங்கினாலும் சிக்கல்தான். வாதாடினால் பின்னால் நிற்பவர்கள் உங்களைச் சபிப்பார்கள்.

படி 7: தவறியே போனால்

கப்பல் தூரத்தில் போகிறது, நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். துரத்திப் பிடிக்கப் படகு தேடாதீர்கள். நடுக்கடலில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

மடித்து வைத்த தாளை எடுத்துத் துறைமுக முகவரை அழையுங்கள். கப்பல் நிறுவனத்தின் சார்பில் அந்த ஊரில் வேலைகளைக் கவனிப்பவர் அவர்தான். அட்டை ஸ்கேன் ஆகாததை வைத்து நீங்கள் ஏறவில்லை என்பது கப்பலுக்குத் தெரியும். உங்களை அறிவிப்பில் அழைத்துப் பார்த்துவிட்டு, கிளம்பும் முன் உங்கள் கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். பெட்டியின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள் என்றது இதனால்தான்.

அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு, தங்கும் செலவு எல்லாம் உங்களுடையது. அடுத்த துறைமுகம் வேறு நாடாக இருந்தால் விசா வேண்டுமா என்பதையும் முகவரிடமே கேளுங்கள். கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கும் நாடு, விமானத்தில் தனியாக வருகிறவருக்கும் அப்படியே அனுமதிக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

*கடைசிப் பின்சேர்க்கை:* ஒரு வாசகி இந்தப் பதிவில் சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறார். பயணம் முழுக்க ஒரு முறைகூட ஓடவில்லை. கப்பலை விட்டு இறங்கி விமான நிலையத்துக்குப் போனவர், போனைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். போன் இன்னும் கப்பல் நேரத்திலேயே இருந்திருக்கிறது. விமானம் போய்விட்டது. ஆகவே படி 8: கடைசி நாள் காலை, கேபினை விட்டு வெளியே வருமுன், படி 2இல் அணைத்ததை மறுபடி போட்டுவிடுங்கள். முள் கடிகாரத்தையும் திருப்பி வையுங்கள்.