பழைய ஜிப்ஸியில் அடியிலிருந்து சத்தமா? பாகம் வாங்குவதற்கு முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள்

மாருதியின் நாலு சக்கர இழுவை ஜீப்பான ஜிப்ஸி கிங் வைத்திருப்பவர்களுக்கு அடியிலிருந்து வரும் சத்தம் பழகிப்போன ஒன்று. பழகாத சத்தம் ஒன்று புதிதாகச் சேரும்போதுதான் தூக்கம் போகும். என் வண்டியில் வந்தது, மெதுவாக உருளும்போது கீச் கீச் என்று ஒன்று. வேகம் கூடக்கூட அது சத்தமாக இல்லாமல் தரையில் அதிர்வாக மாறிவிடும். உள்ளே உட்கார்ந்து கேட்டால் பின் ஆக்சிலில் இருந்து வருவதுபோல் இருக்கும். ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கும் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) என்றுதான் சொன்னார். கடைசியில் குற்றவாளி ஆக்சில் பக்கமே இல்லை. இந்த வண்டிகளில் இரும்பு ஃப்ரேம் எந்தச் சத்தத்தையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் காதை நம்பாமல் எண்ணிக்கையை நம்புங்கள்.

முதலில் அமைப்பு

ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஒட்டி இருக்காது. நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கிறது. அது போக முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று. ஆக மூன்று ஷாஃப்ட், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒன்றாக ஆறு கிராஸ் (ஷாஃப்ட் மடங்கியபடியே சுற்ற உதவும் கூட்டல் குறி வடிவ மூட்டு). இதில் பலரும் மறந்துபோவது அந்தக் குட்டி ஷாஃப்டைத்தான்.

படி 1: சும்மா சத்தங்களைக் கழித்துவிடுங்கள்

மட் டயர் போட்டிருந்தால் உறுமும். நல்ல தார் ரோட்டில் ஒரு மாதிரி, சொரசொரப்பான ரோட்டில் வேறு மாதிரி கேட்டால் அது டயர்தான். சைலன்சர் தகடு, பிரேக் டிரம்முக்குள் சிக்கிய கல் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் இடப்பக்க வீல் பேரிங், இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலப்பக்க வீல் பேரிங் மேல் சந்தேகம். ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு மாதிரியும் விட்டால் வேறு மாதிரியும் ஊளையிட்டால் ஆக்சில் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். ஆயில் அளவை முதலில் பார்க்கச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

படி 2: எண்ணுங்கள்

சமதளமான இடம், ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கும், பிரிக்கும் பூட்டு) இரண்டும் ஃப்ரீயில், டிரான்ஸ்ஃபர் லீவர் 2 ஹெச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஹை நிலை), கியர் நியூட்ரலில், எஞ்சின் ஆஃப். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஸ்டீயரிங்கில் ஒருவர், பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும், நீங்கள் பக்கவாட்டில் நடந்துகொண்டே காது கொடுங்கள். டயர் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சத்தம் எத்தனை தடவை வருகிறது?

ஒரு தடவை என்றால் சக்கரம், டிரம், ஹப் பக்கம். நான்கு தடவைக்கு அருகில் என்றால் பின் ஷாஃப்ட் அல்லது பினியன், ஏனென்றால் டிஃபரன்ஷியல் விகிதம் ஏறக்குறைய 4, அதாவது டயர் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் நான்கு சுற்று. ஐந்துக்கு மேல், ஐந்தரை போல வந்தால் குட்டி ஷாஃப்ட். ஜிப்ஸி கிங்கின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹையில்கூட நேரடியாகச் சுற்றாது, அங்கேயே 1.409 மடங்கு குறைக்கிறது. அதனால் அதற்கு முன்னால் இருக்கும் ஷாஃப்ட், பின் ஷாஃப்டைவிட அவ்வளவு மடங்கு வேகமாகச் சுற்றும். ஒன்றைக் கவனியுங்கள்: கெட்டுப்போன கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு தடவைகூடக் கத்தும். எட்டோ பதினொன்றோ வந்தால் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள்

கியர் லீவரை அல்ல, டிரான்ஸ்ஃபர் லீவரை. அதே மாதிரி திரும்பத் தள்ளுங்கள். இப்போது குட்டி ஷாஃப்ட் சுற்றாது. சத்தம் காணாமல் போனால் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்கம்தான் பிரச்சினை. இருந்தால் பின்பக்கம். எனக்குச் சத்தம் சட்டென்று நின்றது. பின் ஆக்சிலுக்குச் செலவழிக்க வைத்திருந்த பணம் பையிலேயே தங்கியது.

முன் ஷாஃப்ட் மேல் சந்தேகமென்றால் 2 ஹெச்சில் ஹப்பை லாக் செய்து ஒரு சுற்று, ஃப்ரீ செய்து ஒரு சுற்று. லாக் செய்தால் மட்டும் வரும் சத்தம் முன் ஆக்சில் வரிசையிலிருந்து வருகிறது.

படி 4: அடியில் போங்கள்

இந்தப் படியில்தான் எனக்கு நேரம் போனது. படுத்துக்கொண்டு குட்டி ஷாஃப்டைக் கையால் முறுக்கினேன், மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டமே இல்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கிராஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கிராஸின் கால்களை மூடும் பேரிங் கப் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் செங்கல் தூள் மாதிரி சிவந்த பொடி ஒட்டியிருந்தது. கிரீஸ் காய்ந்து, உள்ளே இரும்பும் இரும்பும் உரசியதால் வந்த துரு அது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து ஃப்ளாஞ்ச் (ஷாஃப்டைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டு) போல்ட்களைக் கழற்றி, கிராஸை விரலால் மடக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு திசையில் எண்ணெய் போட்டதுபோல் மடங்கியது. மறு திசையில் நேராக வரும் இடத்தில் டக் என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. கழற்றினால் கிராஸின் காலில் ஊசி பேரிங்குகள் வரிவரியாகத் தடம் பதித்திருந்தன. ஆட்டம் இல்லை என்பது நல்ல கிராஸுக்கு அடையாளம் அல்ல. மடக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கழற்றுவதற்கு முன் மூன்று விஷயம். ஃப்ளாஞ்ச் இரண்டு பக்கமும் பெயிண்டால் கோடு போடுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் உருவினால் ஆயில் ஒழுகும், தட்டு வையுங்கள். இந்த ஷாஃப்டையோ பின் ஷாஃப்டையோ கழற்றிய பிறகு கியரில் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது, எல்லா டயருக்கும் கட்டை கொடுங்கள்.

போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் மட்டும். ஓப்பன் ஸ்பேனரை இந்த ஃப்ளாஞ்ச் பக்கமே கொண்டு வராதீர்கள், முனை மழுங்கினால் அப்புறம் வெல்டிங் கடைதான். புதுக் கிராஸ் ஏற்ற நான் சுத்தியலைவிட பெஞ்ச் வைஸைத்தான் நம்புவேன். கப்பைப் பிடித்து நிறுத்தும் லாக் வளையம் உட்காரவில்லை என்றால் கப்புக்குள் ஊசி ஒன்று சாய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். அடித்து இறக்காமல் வெளியே எடுத்துச் சரி செய்யுங்கள். கிரீஸ் நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கட்டும்.

அப்படியே டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டுகளையும் பாருங்கள். ரப்பர் கிழிந்து கேஸ் சாய்ந்தால் புதுக் கிராஸும் சீக்கிரம் போகும்.

சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர், "பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினேன், நான்கு வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வருகிறது" என்று கேட்டிருந்தார். ஒரு சக்கரம் தரையில் நின்றால் டிஃபரன்ஷியல் சுற்றைப் பாதியாக்கிவிடும். அதனால்தான் வண்டியைத் தள்ளச் சொன்னேன்.

இன்னொரு சேர்க்கை: வேலை முடித்தபின் 50 கி.மீ. வேகத்தில் புது அதிர்வு வருவதாக இன்னொருவர். அவர் பின் ஷாஃப்டையும் கழற்றியிருக்கிறார், ஷாஃப்டின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல்வரியில் (ஸ்ப்ளைன்) குறி போடாமல் பிரித்துத் திருப்பி மாட்டிவிட்டார். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பிரித்து, கவைகளை நேராக்கி மாட்டியதும் அதிர்வு நின்றுவிட்டதாம்.