வரப்போகும் பிளக்-இன் ஹைபிரிட் காரின் விலையை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

இன்னும் இங்கே வராத காருக்குப் பலர் வெளிநாட்டு விலையை ரூபாய்க்கு மாற்றி, அதன் மேல் வரியை ஏற்றி, "எதிர்பார்க்கப்படும் விலை" என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணை நம்பி யாரும் பணம் ஒதுக்கிவைக்க வேண்டாம். "இப்போதே எலெக்ட்ரிக் வாங்கிடவா, பிளக்-இன் (சார்ஜும் போடலாம், பெட்ரோலிலும் ஓடும் வண்டி) வரட்டும்னு காத்திருக்கவா?" என்று என் மச்சான் கேட்டபோது உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் கீழே படிப்படியாகக் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, சீனக் கம்பெனியான பிஒய்டியின் சீலயன் 6. 2025 ஜனவரியில் டெல்லி பாரத் மொபிலிட்டி கண்காட்சியில் விலை சொல்லாமல் காட்டிய வண்டி இது.

படி 1: வெளிநாட்டு விலையிலிருந்து அந்த நாட்டு வரியைக் கழியுங்கள்

அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி இருக்காது. பிரிட்டன் விலையில் 20 சதவீதமும் ஜெர்மனி விலையில் 19 சதவீதமும் வாட் வரி அடங்கியிருக்கும். ஆஸ்திரேலிய விலையில் 10 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. இதைக் கழிக்காமல் ஆரம்பித்தால், வரிக்கும் சேர்த்து வரி போட்டுக்கொண்டே போவீர்கள்.

சீலயன் 6 ஆஸ்திரேலியாவில் 48,990 டாலருக்கு அறிமுகமானது. 1.1 ஆல் வகுத்தால் சுமார் 44,536 டாலர். 10 சதவீதத்தைக் கழிப்பது வேறு, 1.1 ஆல் வகுப்பது வேறு. வகுக்கத்தான் வேண்டும்.

படி 2: வரியை நேரடியாகப் பெருக்காதீர்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் முழு வண்டியாக இறக்குமதியாகும் பிளக்-இன் ஹைபிரிட். 2022 டிசம்பரில் இங்கே 2.60 கோடிக்கு வந்தது. அப்போது சுங்க வரி மொத்தம் 110 சதவீதம், ஜிஎஸ்டியும் அதன் மேல் போட்ட கூடுதல் வரியான செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம். அதாவது 100 ரூபாய் சுங்க வரியோடு 210 ஆகும், அதன் மேல் இன்னொரு 43 சதவீதம்: 2.1 ஐ 1.43 ஆல் பெருக்கினால் 3 மடங்கு. அமெரிக்க விலை 1,59,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.31 கோடி. மூன்றால் பெருக்கினால் 3.9 கோடி வர வேண்டும். வந்ததோ 2.60 கோடி.

காரணம், சுங்க வரி ஷோரூம் விலைக்குப் போடுவதில்லை. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்து துறைமுகத்தில் காட்டும் இறக்குமதி மதிப்புக்குத்தான் போடுகிறார்கள். 2.60 கோடியை மூன்றால் வகுத்தால் சுமார் 87 லட்சம். கம்பெனி லாபமும் டீலர் கமிஷனும் அந்த 2.60 கோடிக்குள்ளேயே இருப்பதால், உண்மையான இறக்குமதி மதிப்பு அதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். அதாவது அமெரிக்க விலையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இந்த மதிப்பை எந்தக் கம்பெனியும் வெளியே சொல்வதில்லை. அதனால் வேறு வழியில் பிடிக்க வேண்டும்.

படி 3: அதே கம்பெனியின் வேறொரு வண்டியைப் பிடியுங்கள்

எக்ஸ்எம்மின் இந்திய விலையை அமெரிக்க விலையால் வகுத்தால் 1.98 வருகிறது. 2024 நவம்பரில் வந்த எம்5 காரும் பிளக்-இன் ஹைபிரிட்தான். இங்கே 1.99 கோடி, அங்கே 1,19,500 டாலர். விகிதம் 1.97. இரண்டு வருட இடைவெளியில் விகிதம் அசையவே இல்லை!

இதை அப்படியே மெர்சிடிஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். அதே 2024 நவம்பரில் 1.95 கோடிக்கு வந்த ஏஎம்ஜி சி 63க்கு அமெரிக்காவில் ஆரம்ப விலை 83,900 டாலர். விகிதம் 2.75. கம்பெனிக்குக் கம்பெனி கொள்கை மாறும், ஆரம்ப மாடலோடு வரும் வசதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். எனவே ஒப்பீடு ஒரே கம்பெனிக்குள், ஒரே வெளிநாட்டுச் சந்தையை வைத்து மட்டும்.

பிஒய்டிக்கு நமக்குக் கிடைப்பது எலெக்ட்ரிக் வண்டியான சீலயன் 7. 2025 பிப்ரவரியில் இங்கே பிரீமியம் 48.90 லட்சம், பெர்ஃபார்மன்ஸ் 54.90 லட்சம். ஆஸ்திரேலியாவில் 54,990, 63,990 டாலர். அந்த நாட்டு ஜிஎஸ்டியை எடுத்துவிட்டு ஆஸ்திரேலிய டாலருக்கு 55 ரூபாய் என்று வைத்தால் விகிதம் 1.78, 1.72. நடுவில் 1.75 என்று வைத்துக்கொள்வோம்.

படி 4: வரி வித்தியாசத்தை மட்டும் மாற்றுங்கள்

இரண்டு வண்டியும் ஒரே சுங்க வரி வகையில் வருவதாக வைத்துக்கொண்டால் சுங்க வரி அடிபட்டுப்போகும். மிஞ்சுவது ஜிஎஸ்டி. எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம். பிளக்-இன் ஹைபிரிட்டை அரசு ஹைபிரிட்டாகத்தான் பார்க்கிறது. 4 மீட்டர் நீளத்தையோ 1,200 சிசி பெட்ரோல் எஞ்சினையோ தாண்டினால், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சீலயன் 6 இரண்டையும் தாண்டுகிறது.

1.40 ஐ 1.05 ஆல் வகுத்தால் 1.33. அதை 1.75 ஆல் பெருக்கினால் 2.33. ஒப்பிட வசதியாக அதே 55 ரூபாய்க்கு 44,536 டாலர் என்றால் 24.5 லட்சம். அதை 2.33 ஆல் பெருக்கினால் சுமார் 57 லட்சம். ஆஸ்திரேலிய டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இந்த விலை ஏறக்குறைய ஒரு லட்சம் ஏறும். கணக்குப் போடும் அன்றைய மதிப்பை மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் சீலயன் 7 ஐவிட 6,000 டாலர் மலிவான வண்டி, இங்கே அதைவிட எட்டு லட்சம் அதிகம்! சார்ஜ் போட்டு ஓட்டக்கூடிய, தினசரி ஆபீஸ் ஓட்டத்தில் பெட்ரோலே தேவைப்படாத வண்டிக்குச் சாதாரணப் பெரிய பெட்ரோல் காரின் வரியையே போடுவது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். முன்பு பெரிய எஸ்யூவிக்கு 50, ஹைபிரிட்டுக்கு 43 என்று ஏழு புள்ளி சலுகையாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

படி 5: சந்தையைப் பாருங்கள்

உள்ளூரில் அசெம்பிள் செய்யும் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் 2024 டிசம்பரில் 48 லட்சத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில் 57 லட்சம் விலை போவது கஷ்டம். கம்பெனி லாபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் என்று வைத்து, என் கணிப்பு 53 முதல் 58 லட்சம், எக்ஸ்-ஷோரூம் (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை). ஒற்றை எண்ணாகச் சொல்வதைவிட இப்படி ஒரு வரம்பாகச் சொல்வதே நேர்மை.

இதற்கு ஆன்லைன் இறக்குமதி வரி கால்குலேட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய செஸ் விகிதம் உள்ளே இருந்தாலும் நமக்குத் தெரியாது. கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கட்டம் போடுங்கள். பழைய அறிமுக விலைகளுக்குக் கம்பெனியின் செய்திக்குறிப்பே போதும்.

பின்சேர்க்கை 1: "ஆன்ரோடு எவ்வளவு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். 57 லட்சத்துக்கு அதுமட்டும் 11.4 லட்சம். இன்சூரன்ஸ் தனி.

பின்சேர்க்கை 2: உள்ளூரில் அசெம்பிள் செய்தால்? ரேஞ்ச் ரோவரை 2024 இல் புனேயில் அசெம்பிள் செய்யப்போவதாக அறிவித்தபோது விலை சுமார் 18 முதல் 22 சதவீதம் இறங்கியது. அதே அளவு என்று கொண்டால் நம் 57 லட்சம் 45 லட்சத்துக்கு அருகில் வரும். ஆலை பற்றிய உறுதியான அறிவிப்பு வரும்வரை இந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை 3: பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் பிளக்-இன் விலை குறையுமா என்று ஒரு வாசகர் கேட்டார். அதில் எலெக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் சலுகை கிடையாது. பிரிட்டனிலிருந்து வரும் பிளக்-இன்னுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் சுங்க வரிக் கட்டத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.