பழைய சீற் கூரையைக் கழற்றும்போது

கூரையில் முழுசாகக் கிடக்கிற அஸ்பெஸ்ரஸ் சீற்றால் பெரிய கேடு இல்லை. வெட்டினால், துளைத்தால், உடைத்தால், பாசியைச் சுரண்டினால்தான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கிளம்பும். சுவாசப்பைக்குள் போன நார் கரையாது. நோய் வெளியில் தெரிய 20 முதல் 40 வருடம்கூட எடுக்கும். ஆகவே, “எத்தனை கூரை கழற்றினோம், எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே” என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம். இலங்கையில் நீல அஸ்பெஸ்ரஸ் 1987இல் தடையானது. பிறகு வந்த சீற்றுகளில் உள்ள வெள்ளை அஸ்பெஸ்ரசும் புற்றுநோய் தருவதே. அஸ்பெஸ்ரஸ் கலக்காத சீற்றும் உண்டு, ஆனால் பார்த்துப் பிரிக்க முடியாது. சந்தேகம் என்றால் இருப்பதாகவே வைத்து வேலை செய்யுங்கள்.

ஒழுக்கும் வெடிப்பும் இல்லாத கூரையைச் சும்மா விடுவதே நல்லது.

கழற்றத்தான் வேண்டுமென்றால் சோழகம் அடிக்கிற ஆனி, ஆடியைத் தவிருங்கள். காற்று விழுந்த காலை நேரம் பாருங்கள். பிள்ளைகளை அயலில் விட்டு, கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் தறப்பாளால் மூடுங்கள். துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க் இரண்டும் உதவாது. என்95 மாஸ்க்கும் அஸ்பெஸ்ரசுக்குப் போதாது. பி100 அல்லது எப்எப்பி3 என்று குறித்த, நுண்ணிய தூசைத் தடுக்கும் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தில் ஒட்டாது.

பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீரை இரண்டு பக்கமும் மெதுவாகத் தெளியுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் நார்தான் கிளம்பும். வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கி இதற்கு வசதி, நன்றாகக் கழுவியிருந்தால். நனைந்த சீற்றில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது: தூசு 20 வருடத்தில் செய்வதை உடைந்து விழும் சீற் ஒரு நொடியில் செய்துவிடும். கீழே சாரம் கட்டி நின்று வேலை செய்யுங்கள்.

முதலில் முகட்டுத் தொப்பி, பிறகு மேல் வரிசை, கடைசியாகக் கீழ் வரிசை. மேல் சீற் கீழ்ச் சீற்றின் மேல் ஏறிக் கிடப்பதால் ஒழுங்கு மாறினால் உடையும். துருப்பிடித்த கொக்கி ஆணியை முறுக்கி இழுத்தால் துளை விளிம்பு நொறுங்கும். ஆணியை நனைத்து, கைவாளால் அறுங்கள். கிறைண்டர் கிட்டவும் வேண்டாம். எட்டடிச் சீற் 30 கிலோவுக்குக் கிட்ட இருக்கும், இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள், எறியாதீர்கள்.

இறக்கியதை ஈரமாகவே தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சுற்றிக் கட்டுங்கள். வேலை உடுப்பை உதறாமல் தனியாகத் தோயுங்கள். ஒழுங்கைப் பள்ளத்துக்கு நொறுக்கிப் போடுவதும் கோழிக்கூட்டுக்குப் பரப்புவதும் நாரைத் திரும்ப வளவுக்குள் கொண்டுவரும். எங்கே புதைப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள்.

போர்க்காலத்தில் செல் (எறிகணை) விழுந்த வளவுகளில் பழைய சீற் துண்டுகள் மண்ணில் கிடக்கும். நனைத்துவிட்டு மேலே தெரிவதை மட்டும் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் அது வெடிக்காத செல்லாக இருக்கலாம், கை வைக்காமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.