மலை வீட்டுக்குச் சேமிப்பு அறை வைத்த கட்டிலும் பெஞ்சும்: எதைப் பார்த்து வாங்குவது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் இடம் குறைவு. வைக்க வேண்டிய துணியோ அதிகம்: ஆளுக்கு இரண்டு கம்பளி, ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு, விருந்தாளிக்கென்று தனியாக ரஜாய். உள்ளே அறை வைத்த கட்டிலும் திவானும் இங்கே அவசியம்தான். ஆனால் சமவெளிக் கடையில் பார்த்ததும் பிடித்துப்போன பெட்டிக் கட்டிலை அப்படியே மலையேற்றினால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே இருக்கும் கம்பளியில் பூசணம் பூத்துவிடும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரிலும் வீட்டுக்குள் வரும் காற்றே ஈரக்காற்று.

அதனால் எவ்வளவு கொள்ளும் என்று கேட்பதற்கு முன், காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வரும் என்று பாருங்கள். நான்கு பக்கமும் தரை வரை அடைத்த பெட்டி வேண்டாம். நான்கு அங்குலக் கால் வைத்தது, பிரம்புப் பின்னல் கதவு போட்டது, முன்பக்கம் இடைவெளி விட்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தது: மூன்றும் பார்வைக்கும் கனமில்லாமல் இருக்கும், துணிக்கும் மூச்சு கிடைக்கும். அடைத்த பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? முன்பக்கம் கீழே ஒரு வரிசை, பின்பக்கம் மேலே ஒரு வரிசை என ஒரு அங்குலத் துளை ஐந்தாறு போட்டு, உள்ளிருந்து நைலான் வலை அடித்துவிடுங்கள்.

கட்டிலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை இருந்தால், உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையில் தங்கி, மெத்தையின் அடிப்பக்கம் கறுத்துப்போகும். இரண்டு அங்குல இடைவெளியில் ரீப்பர் அடித்த தளம் கேளுங்கள். ஹைட்ராலிக் தூக்கி உள்ள கட்டிலென்றால் மெத்தையோடு சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். மூடியைத் தூக்கிப் பிடிக்கும் தண்டுக்குள் இருப்பது அழுத்தப்பட்ட வாயு. 20 டிகிரியில் இருக்கும் விசை 5 டிகிரியில் சுமார் 5 சதவீதம் குறையும். கடையில் தட்டுத்தடுமாறி நிற்கும் மூடி, ஜனவரி விடியலில் ஊட்டியில் நிற்காது.

மரத்தில் பார்ட்டிகிள் போர்டை (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை) தவிர்த்துவிடுங்கள். ஓரத்துப் பட்டி கொஞ்சம் விட்டுப்போனாலும் ஈரம் உறிஞ்சி உப்பிவிடும், ஸ்க்ரூ பிடிக்காது. பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை பாருங்கள். பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த முத்திரை, தண்ணீர் பட்டால் அடுக்குகளை ஒட்டிய பசை விடாது என்பதற்குத்தான். மேலே பூசணம் வராது என்பதற்கு அல்ல. கதவின் வெளியே லேமினேட் ஒட்டி உள்ளே வெறும் மரமாக விட்டிருந்தால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துக் கதவு வளையும். உள்பக்கமும் வார்னிஷோ பெயின்ட்டோ அடித்திருக்க வேண்டும். சில்வர் ஓக் சாமானென்றால் மரம் நன்றாகக் காய்ந்ததா என்று தச்சரிடம் கேளுங்கள். பச்சை மரம் கோணிக்கொள்ளும்.

மர டிராயருக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். மழையில் இறுகிப்போனால் இழைப்புளி போடக் கூடாது, பிப்ரவரியில் மரம் சுருங்கியதும் கடகடவென்று ஆடும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

ஜன்னலோரப் பெஞ்ச் மலை வீட்டுக்கு அழகு. மூன்று அங்குல மெத்தையோடு சேர்த்து உயரம் 18 அங்குலம், ஆழம் 16 முதல் 18 வரை இருந்தால் உட்கார வசதி. மூடியை ஒரே பலகையாக இல்லாமல் இரண்டாகப் பிரித்து, சட்டென்று விழாமல் தாங்கும் கீல் போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி கூடவே கூடாது. ஜன்னல் ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி கொண்டுவருவது. சாலையிலிருந்து படியிறங்கித்தான் பல வீடுகளுக்குப் போக வேண்டும். வாசல், படித் திருப்பம் இரண்டின் அகலத்தையும் அளந்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிப் பூட்டும் வகையை வாங்குங்கள்.

வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும். மூன்று அங்குலமாவது தள்ளியிருக்கட்டும், உள்சுவரானால் இன்னும் நல்லது. கொடியிலிருந்து எடுத்த துணியை உடனே உள்ளே வைக்காதீர்கள். குளிரில் காய்ந்த துணியும் ஈரத் துணியும் கைக்கு ஒரேமாதிரிதான் தெரியும். ஓர் இரவு அடுப்படிப் பக்கம் விரித்துப்போட்டுப் பிறகு மடியுங்கள். ஜனவரியில் உறைபனி விழுந்த மறுநாள் பெரும்பாலும் பளிச்சென்று வெயில் அடிக்கும்; அன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பெட்டியையும் மாலை வரை திறந்தே விடுங்கள்.