கீசர் வெடித்தது, வாரண்டியும் முடிந்திருந்தது

அம்மாபேட்டை வீட்டில் கீசர் டேங்க் வெடித்து, அம்மாவின் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. பாத்ரூம் டைல்ஸும் போச்சு. கடைக்காரர், "ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சிடுச்சே சார்" என்று கையை விரித்தார்.

வாரண்டி வேறு, வழக்குப் போடும் கெடு வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. தாமதமானாலும், தக்க காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் ஏற்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம். பொருளால் விளைந்த தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் பிரிவில், அந்தப் பொருளே கெட்டுப்போனது சேராது. அதனால் அம்மாவின் சிகிச்சைச் செலவையும் டைல்ஸையும் தீங்கு என்றும், கீசர் விலையைக் குறையுள்ள பொருள் என்றும் நோட்டீஸில் தனித்தனியாக எழுதினேன். உடைந்த டேங்க்கை, எடுத்துப்போக வந்த மெக்கானிக்கிடம் கொடுக்கவில்லை. அதுதானே சாட்சி! போட்டோ, பில், மருத்துவச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில்.

கம்பெனி வடக்கே இருந்தாலும், நாம் வசிக்கும் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இதையெல்லாம் குறிப்பிட்டு, கடைக்கும் கம்பெனிக்கும் அந்த நோட்டீஸை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வழக்குக்கு முன்பே கம்பெனி இறங்கி வந்து, கீசர் விலையும் மருத்துவச் செலவும் கொடுத்தது. டைல்ஸுக்குப் பாதிதான். சரி, அம்மா போதும் என்றார்.